பின்பாட்டுப் பெஞ்சில் ஓர் இடம்

வேலைக்குப் போய், குடும்பமாகி, முப்பதைத் தாண்டிய பிறகு கூத்தாட வேண்டும், நாடகத்தில் பாடி நடிக்க வேண்டும் என்று சிலருக்கு ஆசை பிறக்கிறது. சங்கீதம் படித்ததில்லை, ஆட்டமும் தெரியாது. அவர்களுக்கு எங்கே வாசல் இருக்கிறது? உள்ளே போனால் என்ன நடக்கும்?

பாரதக் கூத்து நடக்கும் ஊர். இரவு பதினொரு மணி. அறுவடை முடிந்த வயலில் நாலு கழி நட்டு டியூப் லைட் கட்டியிருக்கிறது. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். திரைக்குப் பின்னால் துரியோதனன். கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் மார்பதக்கம், கணுக்காலில் சலங்கை. முகம் இன்னும் தெரியவில்லை, குரல்தான் வருகிறது. விருத்தத்தை நீட்டி நிறுத்தி, அடுத்து வரும் தருப் பாட்டின் முதல் அடியை அவர் எடுத்ததும் பின்னாலிருந்து நாலைந்து குரல்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுகின்றன. மிருதங்கம் விழுகிறது. முகவீணை மேலே ஏறுகிறது. முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து உட்காருகிறார்கள்.

எல்லார் கண்ணும் திரையில் இருக்கும். வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஹார்மோனியம், மிருதங்கம், முகவீணை, அவற்றை ஒட்டிப் பின்பாட்டுக்காரர்கள். விடியும்வரை ஆட்டக்காரர் விடும் ஒவ்வொரு அடியையும் இவர்கள் தாங்குகிறார்கள். ஆட்டக்காரருக்கு மூச்சு வாங்கும்போது பாட்டு அறுந்துபோகாமல் காப்பதும் இவர்கள்தான். பயிற்சியில்லாமல், வயதான பிறகு இந்தக் கலைக்குள் வர நினைக்கிறவருக்கு உண்மையான வாசல் அந்தப் பெஞ்சுதான் என்பது என் துணிபு.

சிறுவர்களுக்கென்று கட்டிய கட்டடம்

தமிழ் இசை நாடகத்தின் பள்ளிக்கூடம் பால சபாக்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கியபோது டி.கே.எஸ். சகோதரர்கள் சிறு பிள்ளைகளாக அதில் சேர்ந்தார்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சிறுவயதில் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள் என்பது எல்லாரும் அறிந்தது. சாப்பாடு, படுக்கை, பாட்டு, அடி, உதை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். பத்து வயதுப் பையனின் குரல் ஐந்து கட்டையில் சிரமமில்லாமல் நிற்கும், நினைவும் கூர்மையாக இருக்கும். கம்பெனிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் கதாநாயக வேஷம் கையை விட்டுப் போகும். அதன்பின் மேடையைவிட்டே போன பையன்கள் ஏராளம்.

கூத்திலும் வழக்கம் அதுவே. அப்பன், மாமன், சித்தப்பன் கூத்துக் குழுவான ஜமாவில் இருப்பார்கள், பிள்ளை அவர்களோடு வண்டியேறும். இன்றைய அரசு ஏற்பாடும் இளமையையே எதிர்பார்க்கிறது. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் சேரும் வயது 12 முதல் 25 வரை. முப்பத்தைந்து வயதில் ஆசை பிறந்தவருக்கு அங்கே இடமில்லை.

ஆனாலும் இந்தக் கலையின் வரலாற்றைத் திருப்பிப் போட்டவர்களில் சிலர் பிந்தி வந்தவர்கள்தாம். சங்கரதாஸ் சுவாமிகளே உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்து, ஏறக்குறைய 24 வயதில் நாடகத்துக்கு வந்தவர். அதற்குள் அவர் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றிருந்தார் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேடைக்குப் புதியவர், பாட்டுக்குப் புதியவரல்லர். ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கும்போது நாற்பதைத் தாண்டிய சிறுகதைக்காரர். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்து அவரை இழுத்த இழுப்பில் வந்தவர்.

பெட்டிச் செய்தி: ‘கட்டை’ கணக்கு

- ஹார்மோனியத்தின் ‘சி’ கட்டையை ஆதாரமாக வைத்துப் பாடினால் ஒரு கட்டைச் சுருதி. அடுத்தடுத்த வெள்ளைக் கட்டைகள் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை என்று போகும்.
- கச்சேரி பாடும் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள் பாடுகிறார்கள்.
- ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக நாடக மேடை நாலு, ஐந்து கட்டைக்கு ஏறியது. எஸ்.ஜி. கிட்டப்பாவின் புகழ் அந்த உச்சத்தில் எழுந்தது.
- இன்று மைக் இருந்தாலும் கூத்தின் சுருதி இறங்கவில்லை. முகவீணை செய்யும்போதே சுருதி முடிவாகிவிடும். பாடுகிறவருக்காக அதை இறக்கிப் பிடிக்க முடியாது.

ஸ்பெஷல் நாடகம்: ஒத்திகை இல்லாத மேடை

மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் வழங்கும் ஸ்பெஷல் நாடகத்துக்குள் வயது வந்த பிறகு ஒருவர் நேராக நுழைவது கடினம். காரணம், அதன் அமைப்பு. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர். நாடக நடிகர் சங்கம் வழியாகவோ ஏஜென்ட் வழியாகவோ ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி முடிப்பார்கள். படத்தோடு நோட்டீஸ் அடித்துச் சுவரில் ஒட்டுவார்கள். நாடகத்தன்று மாலைதான் எல்லாரும் ஒரே இடத்தில் சேருகிறார்கள். ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் தொடங்கிவிட்டால், எதிராளி எந்தப் பாட்டை எடுப்பார் என்பது மேடையில்தான் தெரியும். அதற்குப் பதில் பாட்டு அந்த நொடியில், அந்தச் சுருதியில் வந்தாக வேண்டும். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அரிச்சந்திரா, நல்லதங்காள் எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருப்பவரே அங்கே நிற்க முடியும். இதற்குப் பல வருடக் கேள்வி ஞானம் தேவை. புதிதாக வருகிறவர் பபூன் வேஷம் சுலபம் என்று நினைக்கிறார். உண்மையில், இரவு பத்து மணிக்குத் தனியாக வந்து கூட்டத்தை உட்கார வைப்பது அந்த நாடகத்திலேயே கடினமான வேலைகளில் ஒன்று.

கூத்து: திருப்பிப் பாடுவதே பாடம்

கூத்தின் அமைப்பு வேறு. அங்கே ஆட்டக்காரர் தனியாகப் பாடுவதில்லை. அடிதோறும் பின்பாட்டு உண்டு. வாத்தியாரிடம் போய், “வேஷம் கட்டணும் வாத்தியாரே” என்று நின்றால், “மொதல்ல தாளத்தப் புடி” என்கிற மாதிரிதான் பதில் வரும். இதைத் தட்டிக் கழிப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தாளத்தைக் கையில் வாங்குவதுதான் சேர்க்கை.

பெஞ்சில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆட்டக்காரர் ஓரடி பாடுகிறார். அது காதில் விழுந்த மறுநொடி நீங்கள் அதையே பாட வேண்டும், அதே சுருதியில், அதே காலப்பிரமாணத்தில். தப்பினால் பக்கத்திலிருக்கும் மூன்று குரல்கள் உங்களை மூடிக்கொள்ளும், ஊருக்குத் தெரியாது. சரியாக விழுந்தால் அந்தக் குரல்களோடு உங்கள் குரலும் கரையும், அதை உடம்பே உணரும். இப்படி ஓரிரவில் நூற்றுக்கணக்கான அடிகள். எந்த வகுப்பிலும் இவ்வளவு திருப்பிப் பாடக் கிடைக்காது. முதல் சில இரவுகளில் ஏகம் எது, ரூபகம் எது, ஆதி எது என்று கைக்குப் புரியும். பிறகு, தாளமில்லாத விருத்தத்தில் ஆட்டக்காரர் எந்த இடத்தில் மூச்செடுப்பார் என்பது தெரியவரும். அழுகைக்கு ஏன் முகாரி வருகிறது என்று அதற்கும் பிறகு காது சொல்லும். துகிலுரிதலும் அர்ச்சுனன் தபசும் கர்ண மோட்சமும் நாள் செல்லச் செல்ல வரிவரியாக மனத்தில் ஏறியிருக்கும். வேஷம் என்பது அதற்கும் மேலே கட்டுவது.

அச்சான கூத்துப் புத்தகங்கள் உண்டு. சென்னை இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் பல நாடகங்களை மலிவுப் பதிப்பாகப் போட்டார்கள். பாட்டின் தலையில் ராகம், தாளம் என்று இரண்டு பெயர் இருக்கும், அவ்வளவுதான். மெட்டு புத்தகத்தில் இல்லை, பெஞ்சில் இருக்கிறது.

“எனக்குச் சுருதியே வராது” என்பது பெரியவர்கள் எல்லாரும் சொல்லும் காரணம். பிறவியிலேயே சுரபேதம் அறிய முடியாதவர்கள் நூறு பேரில் நாலு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள் என்பதே ஆய்வாளர்களின் மதிப்பீடு. மற்றவர்களுக்குக் காதில் குறையில்லை. யாரும் பாட விடாததால் தொண்டை பழகவில்லை.

ஊரே ஆட்டக்காரர்: மட்டக்களப்பு

வளர்ந்தவர்கள் சேருவதையே அடிப்படையாகக் கொண்ட மரபு ஒன்றும் தமிழில் இருக்கிறது. இலங்கையின் மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடிக் கூத்துகளை ஆடுகிறவர்கள் கூத்தைத் தொழிலாகக் கொண்டவர்களல்லர். வயல் வேலை செய்கிறவர், மீன்பிடிக்கிறவர், கடை வைத்திருப்பவர். அண்ணாவியார் ஒருவர் அவர்களை மாதக்கணக்கில் பழக்கி எடுக்கிறார். யாருக்கு எந்தப் பாத்திரம் என்பதைக் குரலும் உடலும் பார்த்து அவரே முடிவு செய்வார். சேர்ந்தவர் எல்லாரும் ஒன்றாகத் தொடங்குவதால் பிந்தி வந்தவர் என்ற கூச்சமே அங்கே எழுவதில்லை.

பெட்டிச் செய்தி: கூத்துப் பழகும் வரிசை

- சட்டம் கொடுத்தல்: அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டையும் வசனத்தையும் அண்ணாவியார் கையளிப்பது.
- கூத்துப் பழக்கம்: மத்தளம், சல்லரிக்கு முதலில் ஆட்டம், பிறகு பாட்டு. வரவு ஆட்டம் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி.
- சதங்கை அணிதல்: ஆட்டம் ஓரளவு பிடிபட்டதும் ஊர் கூடிக் காலில் சதங்கை கட்டுவது.
- அடுக்குப் பார்த்தல்: முழுக் கூத்தையும் தொடர்ச்சியாக ஆடிப் பார்ப்பது.
- அரங்கேற்றம்: வட்டக் களரியில், உடை ஒப்பனையோடு, விடியவிடிய.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவர்களைக் கொண்டு இதே கூத்தை நகர மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர் 1962இலும் இராவணேசன் 1964இலும் மேடையேறின. அந்த மாணவர்களில் ஒருவரான சி. மௌனகுரு பின்னர் அந்தக் கூத்துகளையே ஆய்வு செய்து பேராசிரியரானார்.

தொண்டையும் முழங்காலும்

இனி விளைவுகள். முதலில் உடம்பு. பையன்களின் தொண்டைக்கு எளிதான அந்த உயர்ந்த சுருதியில் நாற்பது வயது ஆண் பாடப் போனால் மேல் ஸ்தாயியில் கத்தத் தொடங்குவார். கத்தினால் குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதி வீங்கும். மறுநாள் குரல் கம்மும். இரண்டு நாள் மௌனமும் நிறையத் தண்ணீரும் அதைச் சரி செய்யும். கம்மிய குரலோடு மீண்டும் பாடினால் நாணில் காய்ப்பு விழும். மூன்று வாரத்துக்கு மேல் குரல் தெளியவில்லை என்றால் பனங்கற்கண்டையும் மிளகையும் நம்பி உட்கார்ந்திருக்காமல் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். பின்பாட்டில் எட்டாத சுரம் வரும்போது கீழ் ஸ்தாயியில் பாடிக்கொள்ளலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ராஜவேஷத்தில் அந்தச் சலுகை கிடையாது. பெஞ்சை நான் வலியுறுத்த இதுவும் ஒரு காரணம்.

ஆட்டம் இன்னும் கடுமை. செருப்பில்லாத கால், கரடுமுரடான தரை, மரக்கட்டை அணிகளைப் பூட்டிய கட்டை வேஷத்தின் பாரம், கிறுகிறுவென்று சுற்றும் கிறிக்கி. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முழங்கால் அதைத் திடீரென்று ஏற்காது. அடவைத் தினமும் கொஞ்சமாக, வெறுங்காலோடு, மண்ணில் பழக வேண்டும். மொசைக் தரையிலும் கான்கிரீட் மாடியிலும் குதித்துப் பழகுவது மூட்டுக்குக் கேடு.

மறுநாள் காலை

கூத்து விடியும்போது முடியும். எட்டரை மணி ஷிப்டுக்குப் போகிறவர் அதை எப்படிச் சமாளிப்பார்? தூங்காத உடம்போடு பைக்கில் நாற்பது கிலோமீட்டர் திரும்புவது உயிருக்கு ஆபத்து. இதைச் சொல்லாமல் ஆசையை மட்டும் ஊட்டுகிற கட்டுரை நேர்மையானதாகாது. வார இறுதி இரவுகளை மட்டும் எடுத்துக்கொள்வது, முடிந்ததும் அதே ஊரில் கோயில் திண்ணையில் நாலு மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்புவது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

பெண்களுக்குப் பாரம் இரட்டிப்பு. கூத்து நெடுங்காலம் ஆண்களே ஆடிய கலை. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னா டி புருயினும் 2002 முதல் 2020 வரை நடத்திய கட்டைக்கூத்து குருகுலம் சிறுமிகளையும் சேர்த்துப் பயிற்றுவித்தது. அங்கே பயின்ற பெண்கள் விடியவிடிய முழுக்கூத்தும் ஆடிக் காட்டினார்கள். அதனால் முடியுமா என்ற கேள்வி முடிந்துபோனது. மீதியிருப்பவை உடை மாற்ற ஓர் அறை, கழிப்பறை, இரவில் திரும்ப வண்டி. ஊர்ப் பெரியவர்களிடம் ஜமா தலைவர் அட்வான்ஸ் வாங்கும்போதே இவற்றையும் கேட்டு வாங்க வேண்டும். ஸ்பெஷல் நாடகத்தில் பெண்கள் பல தலைமுறையாக மேடையேறுகிறார்கள். கைதட்டும் ஊரே அவர்களுக்கு வாடகை வீடு கொடுக்கத் தயங்குவதும், அவர்கள் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும்போது முகம் சுளிப்பதும் அந்தக் குடும்பங்களின் நீண்ட வேதனை.

இதை நகரத்திலிருந்து கலைக்கு வருகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும். பொறியாளர் வேஷம் கட்டினால் அலுவலகத்தில் அவரைப் பாராட்டுவார்கள், படம் எடுத்துப் போடுவார்கள். அதே வேஷத்தை முப்பது வருடம் கட்டியவரை அதே சமூகம் ‘கூத்தாடி’ என்று வசவாகச் சொல்கிறது. ஒரே அரிதாரம் ஒருவருக்குப் பெருமையும் இன்னொருவருக்கு இழுக்குமாவது சாதியும் வருமானமும் செய்யும் வேலை. புதிதாக வருகிறவர் அந்தப் பெருமையைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். எங்கே ஆடினாலும் வாத்தியார் பெயரையும் ஜமா பெயரையும் ஊர் பெயரையும் முதலில் சொல்வது அதன் தொடக்கம்.

பாடத் தெரியாதவர்கள் மாற்றிய மேடை

பிந்தி வருகிறவர்கள் கலையையும் மாற்றுகிறார்கள். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் அதிகாரிகளும் படித்தவர்களும் ஓய்வு நேரத்தில் நடிக்கும் சபை அது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அதில் வேஷமேற்று நடித்திருக்கிறார். அவர்களால் நாடகத்துக்கு மரியாதை வந்தது, ஒழுங்கு வந்தது, ஒத்திகை வந்தது. கூடவே மேடையில் பாட்டு குறைந்து வசனம் முன்னுக்கு வந்தது. விடியவிடிய நடந்தது சில மணி நேரமாகச் சுருங்கியது. சென்னை சபா நாடகம் பாட்டில்லாமல் வளர்ந்ததன் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. சம்பந்த முதலியாரைக் குறை சொல்வதற்கில்லை. தமிழ் நாடகத்துக்கு அவர் கொடுத்தது மிகப் பெரிது. ஆனால் தமக்கு வராததை விட்டுவிட்டுத் தமக்கு வருவதைக் கொண்டு மேடையை நிரப்புவது, எங்கும் பயிற்சியில்லாமல் வருகிறவர்களின் இயல்பு.

வித்தியானந்தனும் சுருக்கத்தான் செய்தார். இரவு முழுவதும் களரியில் ஆடியது ஒரு மாலைப் பொழுதுக்குள், ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடைக்குள் வந்தது. ஆனால் அவர் அண்ணாவியாரைக் கூடவே வைத்திருந்தார். ஆட்டக்கோலமும் மத்தளமும் பாட்டும் உயிரோடு வந்தன. பாட்டை யாரிடம் கேட்டுச் சுருக்கினார்கள் என்பதில்தான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறேன்.

இப்போது நகரங்களில் இரண்டு நாள், மூன்று நாள் கூத்துப் பட்டறைகள் நடக்கின்றன. அவற்றில் பாதி நேரம் ஒப்பனைக்குப் போகிறது, மீதி நேரம் நாலு அடவுக்கு. பின்பாட்டுக்கு நேரம் ஒதுக்குவது அபூர்வம், பாட்டைப் பதிவிலிருந்து ஒலிக்க விடுகிறார்கள். பதிவுக்கு வாயசைத்து ஆடியவர் கூத்தின் மேற்சட்டையை மட்டும் போட்டுப் பார்த்தவர். பட்டறை நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு: முதல் நாள் முழுக்க அரிதாரப் பெட்டியைத் திறக்காதீர்கள். ஹார்மோனியக்காரரையும் ஒரு பின்பாட்டுக்காரரையும் அழைத்து வந்து, வந்தவர்கள் எல்லாரையும் பாட வையுங்கள்.

எப்போது, எங்கே, எவ்வளவு

காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் பங்குனியிலிருந்து ஆடி, ஆவணி வரை திரௌபதியம்மன் கோயில் பாரதம் உச்சத்தில் இருக்கும். அப்போது வாத்தியார்களுக்குத் தூங்கவே நேரமிருக்காது. அந்த மாதங்களில் பார்வையாளராகப் போங்கள். ஒரே ஜமாவின் பின்னாலேயே மூன்று நான்கு ஊர் போய், திரைக்கு எதிரே உட்காராமல் பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். யாரும் விரட்ட மாட்டார்கள். டீ வாங்கிக் கொடுக்கும் ஆளாக அறிமுகமாவதில் குறைவொன்றுமில்லை.

கற்றுக்கொள்ள ஏற்றவை ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்கள். ஆட்டம் குறைவு, வருமானமும் குறைவு. அப்போது நாலைந்து பேராகச் சேர்ந்து வாத்தியாரை அணுகி, மாதச் சம்பளம் பேசி, வாரம் இரண்டு நாள் உட்காருங்கள். தட்சிணை என்று தேங்காய் பழத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊர் பாட்டு வாத்தியாருக்கோ நடன வகுப்புக்கோ கொடுப்பதற்குக் குறையாமல் பணமாகக் கொடுங்கள். மழை மாதத்தில் அந்தப் பணத்தில்தான் அந்த வீட்டில் அரிசி வாங்குவார்கள். முதல் மாதத்தில் ஒரே ஒரு கூத்தின் பின்பாட்டை மட்டும் கேளுங்கள், வேஷத்தைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். கர்ண மோட்சம் நல்ல தொடக்கம். பதினாறாம் நாள் காரியங்களுக்கும் அதை ஆடுவதால் ஆண்டு முழுக்க மேடை கிடைக்கும்.

பல ஜமாக்களில் பின்பாட்டுக்கு ஆள் குறைந்து வருகிறது. இளைஞர்கள் வந்தால் நேராக வேஷத்துக்குப் போகிறார்கள், பழைய குரல்கள் ஓய்ந்துகொண்டிருக்கின்றன. மழைக்காலத்தில் ஒரு கூத்தை ஒழுங்காகப் பாடம் செய்தவருக்கு, அவருக்கு வயது முப்பத்தைந்தோ ஐம்பதோ, அடுத்த பங்குனியில் அந்தப் பெஞ்சில் இடம் இருக்கும்.